3 கிலோமீட்டர் தாண்டினா "போதும், நிறுத்து"ன்னு மனசு சொல்லுது. 10 கிலோமீட்டருக்கு எப்படிப் போறது?

பழையபேட்டை_ஓட்டம்:

வணக்கம். கிருஷ்ணகிரி. வயசு 36, நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கிற கணக்கு வேலை. ஆபீஸ் முடிஞ்சு சாயங்காலம் ஆறரைக்கு மேல மைதானத்துல ஓடறேன். ஏழரை சுற்று, அதாவது 3 கிலோமீட்டர், 19 நிமிஷம் ஆகுது. உள் லேன்ல வாக்கிங் போறவங்க கூட்டம், அதனால நாலாவது லேன்.

ஏழு சுற்று வரைக்கும் சிக்கல் இல்ல. எட்டாவது சுற்றுக்குள்ள போனதும் "போதும்டா"ன்னு உள்ள ஒரு குரல். கால் வலி இல்ல, நெஞ்சு வலி இல்ல, ரெண்டு நிமிஷம் நின்னா மூச்சும் அடங்கிடுது. ஆனா கேட் பக்கம் வந்ததும் கால் தானா நடைக்கு மாறிடுது. பிபி, சுகர் பார்த்தாச்சு, நார்மல். டாக்டரும் ஓடலாம்னு சொல்லிட்டார்.

10 கிலோமீட்டர் ஓடணும்னு ஆசை. இது உடம்போட எல்லையா, மனசோட தடையா? மனசுதான்னா அதை எப்படிப் பழக்கறது? "மன உறுதி வேணும்" மாதிரி பதில் வேண்டாம். என்ன செய்யணும்னு சொல்லுங்க.

தகடூரான்:

முதல்ல தூரத்தைச் சரி பண்ணிக்கலாம். 400 மீட்டர்ங்கறது ஸ்டாண்டர்ட் ட்ராக்ல முதல் லேனுக்கு மட்டும்தான். ஒரு லேன் வெளியே தள்ளினா சுற்றுக்கு ஏழரை மீட்டர் சொச்சம் கூடும். நாலாவது லேன்ல ஒரு சுற்று சுமார் 423 மீட்டர். அப்போ உங்க ஏழரை சுற்று 3.17 கிலோமீட்டர். அதை 19 நிமிஷத்துல முடிக்கறீங்கன்னா கிலோமீட்டருக்கு 6 நிமிஷம். இந்தத் தூரத்துக்கு மேல போகாத ஆளுக்கு இது நீண்ட ஓட்டத்துக்கான வேகமே இல்ல. தினமும் போட்டி மாதிரி ஓடிட்டு, ஏன் இழுக்க முடியலன்னு மனசைத் திட்டறீங்க.

வேகம் சரியான்னு பார்க்க வாட்ச் கூட வேண்டாம். ஓடிக்கிட்டே ஒரு குறளைச் சத்தமா சொல்லுங்க. ஏழு சீரும் ஒரே மூச்சுல வந்தா சரியான வேகம். முதல் அடி நாலு சீரோட மூச்சு அறுந்து, அடுத்த மூணு சீருக்கு மறுபடி மூச்சு இழுக்க வேண்டியிருந்தா வேகம் அதிகம். ரெண்டு சீருக்கு ஒரு தடவை இழுத்தா நீங்க ரேஸ் ஓடறீங்க. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இந்தச் சோதனை போதும்.

நம்பரா வேணும்னா: இப்போ ஒரு சுற்று 2 நிமிஷம் 32 செகண்ட்ல போறீங்க. அதே லேன்ல 3:20-லிருந்து 3:30-க்குள்ள கொண்டு வாங்க. கிலோமீட்டருக்கு எட்டு நிமிஷத்துக்குப் பக்கமா வரும். முதல் ரெண்டு நாள் "இது ஓட்டமா, உருட்டா"ன்னு எரிச்சல் வரும். வரட்டும்.

ரெண்டு இடத்துல தவறும். ஒண்ணு முதல் சுற்று. புதுக் கால், அதனால எல்லாரும் வேகமாத்தான் கிளம்புவாங்க. 3:15-க்கு முன்னாடியே முடிஞ்சிட்டா 3:20 ஆகற வரைக்கும் கோட்டுலயே நடங்க. கூச்சமா இருக்கும், அந்தக் கூச்சமே ரெண்டாவது சுற்றுல வேகத்தைக் குறைச்சிடும். இன்னொண்ணு, வாக்கிங் போறவங்களைத் தாண்டற இடம். ஆளைத் தாண்டும்போது நமக்கே தெரியாம பத்து அடி வேகமா எடுத்து வைப்போம். ஒரு சுற்றுல அஞ்சு பேரைத் தாண்டினா அதுவே தனி ஓட்டம் மாதிரி ஆகிடும்.

இன்னொரு விஷயம். கிளம்பின முதல் ரெண்டு மூணு நிமிஷம் யாருக்கும் நல்லா இருக்காது. தசை ஆக்சிஜன் கேட்கறது உடனே, இதயமும் நுரையீரலும் அதை ஈடுகட்டறதுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். புதுசா ஓடறவங்க இந்த மூச்சிரைப்பை வச்சே "இன்னிக்கு ஆகாது"ன்னு முடிவு கட்டிடறாங்க. அஞ்சு நிமிஷம் வேகமா நடந்துட்டுக் கிளம்புங்க. ஓட ஆரம்பிச்சு பத்து நிமிஷம் ஆகற வரைக்கும் அன்னிக்கு ஓட்டத்தைப் பத்தி எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

உடலியல்_பித்தன்:

தகடூரான் சொன்னது சரி, ஆனால் அது பாதி. வேகத்தைக் குறைத்த பிறகும் எட்டாவது சுற்றில் அந்தக் குரல் வரும். காரணம், எங்கே முடிப்போம் என்பது மூளைக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்த முடிவுப் புள்ளிக்கு ஏற்பத்தான் அது களைப்பைப் பங்கிடுகிறது. தினமும் ஏழரை சுற்றில் நின்றால் ஏழாவது சுற்றிலேயே "முடியப் போகிறது" என்ற உணர்வு வந்துவிடும். தென்னாப்பிரிக்க ஆய்வாளர் டிம் நோக்ஸ், தசை தீர்ந்துபோவதற்கு முன்பே மூளை பிடித்து நிறுத்துகிறது என்று வாதாடியவர். அவருடைய கொள்கையை முழுதாக ஏற்காதவர்கள் உண்டு. ஆனாலும் நிறுத்தச் சொல்லும் உணர்வு வருவதும் உடம்பில் சரக்குத் தீர்வதும் ஒரே நேரத்தில் நடப்பதில்லை என்பது உங்கள் விஷயத்தில் வெளிப்படை. உடம்பில் சேர்ந்திருக்கும் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு மிதமான ஓட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் தாங்கும். இருபதாவது நிமிடத்தில் அது தீர வாய்ப்பே இல்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியது ஓடும் நேரம். 2009-இல் சாமுவேலே மார்க்கோரா என்ற ஆய்வாளரின் குழு ஒரு சோதனை செய்தது. 16 பேரை ஒரு நாள் 90 நிமிடம் கவனத்தைக் கசக்கும் கணினி வேலையில் உட்கார வைத்தார்கள், இன்னொரு நாள் அதே நேரம் ஆவணப்படம் பார்க்க வைத்தார்கள். பிறகு முடிகிற வரை சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். படம் பார்த்த நாளில் சராசரி 754 விநாடி, மூளை உழைத்த நாளில் 640 விநாடி. இதயமும் தசையும் தாங்கும் அளவில் பெரிய மாற்றமில்லை. முதல் நிமிடத்திலிருந்தே "கஷ்டமாக இருக்கிறது" என்ற உணர்வு மட்டும் கூடுதல். நாளெல்லாம் லெட்ஜர் பார்த்துவிட்டு ஆறரை மணிக்கு ஓடுகிற நீங்கள் அந்த 640 விநாடிக் கூட்டத்தில் இருக்கிறீர்கள்.

ஆகவே நீண்ட ஓட்டத்தை ஞாயிறு காலைக்கு மாற்றுங்கள். வார நாளின் மாலை ஓட்டங்களைக் குறுகியதாக, தூரக் கணக்கு இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி கடைசித் தேதி மாதிரி நாட்களில் நீண்ட ஓட்டம் திட்டமிட வேண்டாம்.

தனக்குத்தானே பேசிக்கொள்வது பலன் தரும், ஆனால் அதற்கும் பழக்கம் தேவை. 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இரண்டு வாரம் இதைப் பழகியவர்கள் சைக்கிளில் தாக்குப்பிடித்த நேரம் சுமார் 18 சதவீதம் கூடியது. ஓட்டத்தின் நடுவே வாய்க்கு வந்ததைச் சொல்வது வேறு. முன்பே இரண்டு வாக்கியம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பாதி ஓட்டத்துக்கு: "மூச்சு சீரா இருக்கு, இதே வேகம்." ஒன்று கடைசிப் பகுதிக்கு: "அடுத்த வளைவு வரைக்கும் மட்டும்." சின்னதாக, உங்கள் வாயில் வரும் பேச்சுத் தமிழில் இருக்கட்டும். "என்னால் முடியும், நான் சாதிப்பேன்" போன்றவை இரண்டாவது கிலோமீட்டரிலேயே பொய்யாகத் தோன்ற ஆரம்பிக்கும்.

அணைக்கட்டு_ஞாயிறு:

ட்ராக்கை விட்டு வெளியே வாங்க. 10 கிலோமீட்டர் ட்ராக்ல ஓடினா, முதல் லேன் கணக்குக்கு 25 சுற்று. 25 தடவை கேட்டைத் தாண்டணும். ஒவ்வொரு தடவையும் வண்டி நிக்குது, தண்ணி பாட்டில் இருக்கு, வீட்டுக்குப் போகலாம்னு தோணும். 25 தடவை வேண்டாம்னு சொல்றது ஓடறதைவிடக் கஷ்டம்.

ரோட்டுல போய்த் திரும்பற வழி வச்சுக்கோங்க. கிருஷ்ணகிரியில இருந்து கேஆர்பி அணை ஏழெட்டு கிலோமீட்டர். முழுசா போக வேண்டாம், அந்தப் பக்கத்துல வண்டி குறைவான ஒரு ரோட்டைப் பிடிங்க. 20 நிமிஷம் ஒரே திசையில போய்த் திரும்பினா 40 நிமிஷம் தானா ஆகிடும். மனசு "நிறுத்து"ன்னு சொன்னாலும் வண்டி ரெண்டரை கிலோமீட்டர் தள்ளி நிக்குது, வேற வழி கிடையாது. நடந்தாவது வந்தாகணும். அந்த நடையும் பயிற்சிதான்.

திசை முக்கியம். நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரி ரெண்டு மாவட்டமும் மேடு பள்ளம். போகும்போது ஏற்றம், வரும்போது இறக்கம்ங்கற மாதிரி பாருங்க. பென்னாகரத்துல இருந்து ஒகேனக்கல் பக்கமா இறங்கி ஓடிட்டு அதே மலை ரோட்டுல ஏறித் திரும்பறதெல்லாம் ஆரம்பத்துல வேண்டவே வேண்டாம். இறங்கும்போது காசு இல்லாம வந்த வேகத்துக்கு ஏறும்போது வட்டியோட கட்டணும், தொடைத் தசையும் ரெண்டு நாளைக்குப் பிடிச்சுக்கும். ஏற்றத்துல வாட்ச்சைப் பார்க்காதீங்க. காலடியைச் சின்னதாக்கி, மூச்சு அதே அளவுல இருக்கற மாதிரி போங்க, வேகம் எவ்வளவு விழுந்தாலும் சரி.

நேஷனல் ஹைவே சர்வீஸ் ரோடு வேண்டாம். காலியாத் தெரியும், ஆனா எதிர்த் திசையில டூ வீலர், டிராக்டர் எல்லாம் வரும், விடிகாலைல லைட் போடாத லாரி நிக்கும். எந்த ரோடா இருந்தாலும் வலது ஓரமா, எதிர்ல வர்ற வண்டியைப் பார்த்தபடி ஓடுங்க. லைட் அடிச்சா மின்னற பட்டி வச்ச மேல்சட்டை ஒண்ணு போட்டுக்கோங்க. இயர்போன் ஒரு காதுல மட்டும்.

நாய் துரத்தினா ஓட்டத்தை நிறுத்துங்க. ஓடினா அது துரத்தும். கண்ணைப் பார்க்காம, முதுகைக் காட்டாம மெதுவா நடந்து அதோட எல்லையைத் தாண்டிடுங்க. கடிச்சாலோ பல் கீறினாலோ அங்கேயே குழாய்த் தண்ணி, சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு அன்னிக்கே ஜிஎச் போய் ஊசி போட்டுக்கணும். சின்னக் கீறல்னு விடக் கூடாது.

பழையபேட்டை_ஓட்டம்:

எல்லாருக்கும் நன்றி. லேன் கணக்கு இப்பதான் தெரியும். ஒரு சந்தேகம்: நடுவுல நடந்தா அது ஓட்டம்னு கணக்கா? நடந்துட்டா தோத்த மாதிரி ஆகிடுது, அதுக்கு மேல மறுபடி ஓட மனசே வர்றதில்ல.

தகடூரான்:

தாங்க முடியாம நடந்தா தோத்த மாதிரிதான் இருக்கும். அதனால தாங்க முடியற நேரத்துலயே, முன்கூட்டியே முடிவு பண்ணி நடக்கணும். 1972 ஒலிம்பிக்ல ஓடின அமெரிக்கர் ஜெஃப் கேலோவே பரப்பின முறை இது. மாரத்தான் வரைக்கும் இப்படியே போறவங்க இருக்காங்க.

உங்களுக்கு: 4 நிமிஷம் ஓட்டம், 1 நிமிஷம் நடை. முதல் நடையை நாலாவது நிமிஷத்துலயே எடுக்கணும், அப்போ "இன்னும் போலாமே"ன்னுதான் இருக்கும். அங்கதான் எல்லாரும் கோட்டை விடறாங்க. முதல் நாலு நடையை விட்டுட்டு, களைச்சதும் நடந்தா இந்த முறையால பலனே இல்ல. போன்ல டைமர் வச்சு அது சொல்றபடி செய்யுங்க. நடக்கறப்போ கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு உலாத்த வேண்டாம், பஸ்ஸைப் பிடிக்கப் போற வேகத்துல நடங்க.

தூரத்தை மறந்துடுங்க, நிமிஷம் மட்டும். ஞாயிறு ஓட்டம் இப்படி: 30, 35, 40, நாலாவது வாரம் 30-க்கு இறங்கணும். அப்புறம் 45, 50, 55, மறுபடி 40. அப்புறம் 62, 70, 75, கடைசியா 80. எட்டு நிமிஷ வேகத்துல 80 நிமிஷம்னா 10 கிலோமீட்டர். நடையும் கலந்திருக்கறதால ஒன்பது, ஒன்பதரைல நிக்கலாம், மிச்சம் அடுத்த ஞாயிறு வந்துடும். இறங்கற வாரத்தைத் தவிர்க்காதீங்க. மூச்சு மூணு வாரத்துலயே பழகிடும், எலும்புக்கும் தசைநாருக்கும் அதைவிட நிறைய நேரம் வேணும்.

வார நாள் ரெண்டு போதும், செவ்வாய் வியாழன் மாதிரி. 25 நிமிஷத்துல தொடங்கி 35, 40 வரை கூட்டுங்க. ஞாயிறு ஓட்டம் வாரத்தோட மொத்தத்துல பாதியைத் தாண்டாம பார்த்துக்கறது நல்லது. 45 நிமிஷம் சுலபமா வந்தப்புறம் 6-1, 60-க்கு அப்புறம் 9-1 ஆக்கலாம். நிக்காம 10 ஓடணும்னா அதுக்கு மேல ரெண்டு மாசம் எடுத்துக்கோங்க.

ரோட்டுல நேரம் நகராம இருந்தா இடது கால் தரையில விழறதை மட்டும் எண்ணுங்க. நூறு எண்ணினா இந்த வேகத்துல ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல, 150 மீட்டர் சொச்சம். நூறு முடிஞ்சதும் தோள், தாடை, உள்ளங்கை மூணையும் தளர்த்திட்டு மறுபடி ஒண்ணுல இருந்து. கை இறுகியிருக்கறது தெரியவே தெரியாது. கட்டை விரலை ஆள்காட்டி விரல் மேல லேசா வச்சுக்கிட்டா இறுகாது.

பர்கூர்_மீனா:

இங்கேயே கேட்டுக்கறேன். எனக்குத் தடையே வேற. மைதானத்துல ஆம்பளைங்க பார்க்கறாங்கங்கற கூச்சத்துல ரெண்டு சுற்றுக்கு மேல இருக்க முடியல. விடிகாலை இருட்டுல தனியா ரோட்டுக்குப் போகவும் முடியாது. பொண்ணுங்க எப்படி சமாளிக்கறீங்க?

மத்தூர்_அக்கா:

மீனா, இருட்டுல தனியா ரோட்டுக்குப் போகவே வேண்டாம்மா, அது மனத்தடை இல்ல, நியாயமான பயம். மைதானத்துக்கே போ, ஆனா விடிஞ்சப்புறம் வாக்கிங் வர்ற அம்மாங்க கூட்டம் இருக்கற நேரமாப் பார்த்துப் போ. நாலு நாள் ஓடாம அவங்களோட நட. முகம் பழகினப்புறம் அஞ்சாவது நாள் அவங்க நடக்கற சுற்றுக்குள்ளேயே 1 நிமிஷம் ஓட்டம், 2 நிமிஷம் நடை. யாராவது பார்த்தா தெரிஞ்ச முகம்தான் பார்க்குது.

உடை சரியில்லன்னா கவனம் பூரா அதுலயே போயிடும். ஓட்டத்துக்குன்னு இருக்கற இறுக்கமான ஸ்போர்ட்ஸ் ப்ரா ஒண்ணு வாங்கிக்கோ, கடையில போட்டு ரெண்டு கையையும் தூக்கிக் குதிச்சுப் பார்த்து வாங்கு. மேல தொடை வரைக்கும் வர்ற லூஸ் டிஷர்ட். காட்டன் வேணாம், வேர்வைல ஒட்டிக்கும். துப்பட்டா வேண்டவே வேண்டாம், கால்ல மாட்டும். முடிஞ்சா ஒரு ஆளை ஜோடி சேர்த்துக்கோ. அவங்க ஓடணும்னு இல்ல, நடந்தாலும் போதும். கூட ஆள் இருந்தா பார்வை பாதி குறையும், பேசிக்கிட்டே போறதால வேகமும் அளவா இருக்கும்.

ரத்தம் குறைவா இருந்தாலும் "மனசு ஒத்துழைக்கல"ன்னுதான் தோணும். படி ஏறினாலே மூச்சு வாங்குது, மாதவிடாய் அதிகமாப் போகுதுன்னா முதல்ல ஹீமோகுளோபின் பார்த்துடு. 12-க்குக் கீழ இருந்தா ஓட்ட அட்டவணையைவிட டாக்டர் முக்கியம்.

உடலியல்_பித்தன்:

மத்தூர் அக்கா கடைசியில் சொன்னதைப் பிடித்துக்கொள்கிறேன். மனம் சொல்லும் எல்லா "நிறுத்து"களும் பொய்யல்ல. உடனே நிற்க வேண்டியவை: நெஞ்சில் அழுத்தம், அது தோள், இடது கை, தாடைக்குப் பரவுவது, தலைச்சுற்றல், கண் இருட்டுவது, வெயிலில் உடம்பு சில்லிடுவது, உளறல். இவற்றில் எது வந்தாலும் 108. எலும்பில் ஒரு விரல் வைத்துக் காட்டக்கூடிய இடத்தில் வலி, ஓட ஓடக் கூடும் வலி, நடையை மாற்ற வைக்கும் வலி, இவற்றுக்கு அன்றைய ஓட்டம் முடிந்தது. தொடை முழுக்கப் பரவிய கனம், சலிப்பு, "ஏன் இதெல்லாம்" என்ற எண்ணம் ஆகியவற்றோடு ஓடலாம்.

விலாவில் குத்துவது இந்த இரண்டு வகைக்கும் நடுவில் வரும். ஆபத்தில்லை, ஆனால் பலரை அதுதான் நிறுத்துகிறது. வேகத்தைக் குறைத்து, குத்தும் இடத்தைக் கையால் அழுத்தி, உதட்டைக் குவித்து நீளமாக மூச்சை வெளியே விடுங்கள். போகவில்லையென்றால் ஒரு நிமிடம் நடை. ஓட்டத்துக்கு முந்தைய ஒன்றிரண்டு மணி நேரத்தில் வயிறு முட்டத் தண்ணீர், ஜூஸ் குடித்தால் வரும் வாய்ப்பு அதிகம்.

சாப்பாடு: 60 நிமிடத்துக்குள் முடிகிற காலை ஓட்டத்துக்கு ஒன்றும் தேவையில்லை. பசித்தால் அரை மணி முன்பு ஒரு வாழைப்பழம். ராகிக் களி முந்தைய இரவு நல்லது, ஓடுவதற்குச் சற்று முன்பு களியோ கூழோ வேண்டாம், நார்ச்சத்து வயிற்றிலேயே நிற்கும். ஒரு மணியைத் தாண்டும் ஓட்டங்களில் மணிக்கு 400 முதல் 600 மில்லி தண்ணீர், ஒரே மூச்சில் அல்ல, வாய் வாயாக. மார்ச் முதல் மே வரை காலை ஆறரை மணிக்குள் முடியுமாறு கிளம்புங்கள். வெயில் ஏறினால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும், அதையும் மனத்தடை என்று எண்ணிக்கொள்வீர்கள். அந்த மாதங்களில் சுற்றுக்கு 10, 15 விநாடி கூடினால் கூடட்டும்.

பழையபேட்டை_ஓட்டம்:

ஞாயிறுல இருந்து 4-1 ஆரம்பிக்கறேன். கடைசியா ஒண்ணு: நடுவுல கல்யாணம், திருவிழான்னு ஒரு வாரம் விட்டுப்போனா மறுபடி முதல்ல இருந்தா?

தகடூரான்:

இல்ல. ஒரு வாரம்னா கடைசியா ஓடின ஞாயிறு நேரத்தையே மறுபடி ஓடுங்க. ரெண்டு வாரம்னா ரெண்டு படி பின்னாடி. மூணு வாரத்துக்கு மேலன்னா பாதி நேரத்துல ஆரம்பிங்க, ஏறறது முதல் தடவையைவிட வேகமா நடக்கும். விட்ட ஓட்டத்தை ஈடுகட்டறேன்னு ஒரே வாரத்துல ரெண்டு லாங் ரன் போடாதீங்க, முழங்கால் கீழ் எலும்பு வலி அப்படித்தான் வருது. காய்ச்சல் வந்தா, அது விட்ட அன்னிக்கே ஓட வேண்டாம். மாத்திரை இல்லாம ரெண்டு மூணு நாள் சாதாரணமா இருந்தப்புறம், 20 நிமிஷ நடையில ஆரம்பிங்க. டெங்குன்னா டாக்டர் சொல்ற வரைக்கும் ஷூவையே தொடாதீங்க.